கீழே விழுந்த கேமரா: கம்பெனிக்கா, கடைக்கா, காயலானுக்கா?

கேமரா கீழே விழுந்துவிட்டது என்று யார் வந்து சொன்னாலும் அடுத்ததாகக் கேட்பது "எங்கே கொடுத்தா சீப்பா முடியும்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல, அடி எங்கே பட்டது என்று முதலில் தெரிய வேண்டும். லென்ஸில் பட்டதா, பாடியில் பட்டதா, இரண்டையும் கோர்க்கும் மவுண்டில் பட்டதா? இது தெரியாமல் சர்வீஸ் சென்டருக்குப் போனால் பில் பார்த்துத் தலை சுற்றும். தெரியாமல் ரிப்பேர் கடைக்குப் போனால் ஒன்று போனது இரண்டாகும்.

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடைந்தது கண்ணுக்குத் தெரிந்தால் கடைக்காரர் போதும். ஒன்றும் உடையவில்லை, ஆனால் படம் சரியாக வரவில்லை என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். கேமராவோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸ், ஐம்பது மில்லிமீட்டர் சின்ன லென்ஸ், பாக்கெட் கேமரா என்றால் பெரும்பாலும் இரண்டு இடத்துக்கும் போக வேண்டாம், பழையது ஒன்று பார்த்து வாங்கிக்கொள்ளலாம். இதில் விதிவிலக்குகள் உண்டு, அவை எங்கே வருகின்றன என்று போகப்போகப் பார்ப்போம்.

விழுந்த கையோடு

எடுத்ததும் ஆன் செய்து பார்க்கத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், மெமரி கார்டை வெளியே எடுங்கள். பாக்கெட் கேமராவில் லென்ஸ் பாதி நீட்டிய நிலையில் சிக்கியிருந்தால், ஒவ்வொரு முறை பவர் பட்டனை அழுத்தும்போதும் உள்ளே இருக்கும் குட்டி மோட்டார் அந்தக் குழலைத் தள்ளப் பார்க்கும். குழல் நகராது. மோட்டாரை ஒட்டியுள்ள பிளாஸ்டிக் பற்சக்கரத்தில்தான் பல் தேயும். நாலைந்து முறை அழுத்திப் பார்த்த கேமராவுக்கும் அழுத்தாமல் கொண்டுவந்த கேமராவுக்கும் உள்ளே பெரிய வித்தியாசம் இருக்கும். பேட்டரி நசுங்கியோ உப்பியோ இருந்தால் அதைத் திரும்பப் போடவே கூடாது, சார்ஜும் செய்யக் கூடாது.

கார்டு பெரும்பாலும் பிழைத்துவிடும். அதற்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை. கல்யாண வேலைக்குப் போயிருந்தால் காலை முகூர்த்தப் படங்கள் அந்தக் கார்டில் இருக்கும், கேமராவைவிட அதற்குத்தான் மதிப்பு. முதலில் அதை லேப்டாப்பில் காப்பி எடுத்துவிடுங்கள். பதிவாகிக்கொண்டிருக்கும்போது விழுந்திருந்தால் கடைசி ஒன்றிரண்டு படங்கள் திறக்காமல் போகலாம். அதற்காக ஃபார்மட் செய்ய வேண்டாம், மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன.

முகப்பில் யூவி ஃபில்டர் நொறுங்கியிருந்தால் துணியால் துடைக்கக் கூடாது. லென்ஸைக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் ஊதித் தூளைக் கொட்ட வேண்டும். துடைத்தால் அந்தக் கண்ணாடித் தூளே லென்ஸின் கோட்டிங்கைக் கீறிவிடும். ஃபில்டர் உடைந்தாலே லென்ஸ் போச்சு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பல சமயம் நொறுங்கியது ஃபில்டர் மட்டும்தான், அதற்குப் பின்னால் இருக்கும் முன்கண்ணாடி நல்ல தடிமன்.

எது போயிருக்கிறது என்று வீட்டிலேயே பார்ப்பது

லென்ஸ் மாற்றும் கேமரா என்றால் வேலை பாதி சுலபம். அதே மவுண்ட் உள்ள நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். உங்கள் லென்ஸை அவர் பாடியில், அவர் லென்ஸை உங்கள் பாடியில். கோளாறு எதோடு போகிறதோ அதுதான் அடிபட்டது. பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் பாடி, லென்ஸ் இரண்டையும் சேர்த்து சர்வீஸுக்கு அனுப்பி, இரண்டுக்கும் இன்ஸ்பெக்ஷன் சார்ஜ் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

திரையில் வரும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கேனன் எஸ்எல்ஆரில் (உள்ளே ஒரு கண்ணாடி வெளிச்சத்தை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் வகைக் கேமரா) 'எர்ர் 01' வந்தால் பாடிக்கும் லென்ஸுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது என்று அர்த்தம். இரண்டும் தொட்டுக்கொள்ளும் உலோகப் புள்ளிகளான காண்டாக்டைச் சுத்தம் செய்யச் சொல்லும், செய்யுங்கள். அதற்குப் பிறகும் வந்தால் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துளையை, அந்த லென்ஸில் எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து வைத்து ஒரு படம் எடுங்கள். படம் விழுந்தால், பிறகு துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்து எடுங்கள். இப்போது எர்ர் வந்தால் காண்டாக்டில் குற்றமில்லை. முழுக்கத் திறந்திருக்கும்போது அப்பர்ச்சர் இதழ்கள் அசைய வேண்டியதில்லை, எஃப் 8-க்கு அசைந்தாக வேண்டும். ஆக, இதழ்களை இயக்கும் பாகமோ அதற்குப் போகும் ஸ்ட்ரிப்போ (நாடா மாதிரி மெல்லிய ஒயர்) போயிருக்கிறது. இது லென்ஸ் வேலை, பாடியைத் தொடவே வேண்டாம். 'எர்ர் 30' என்றால் ஷட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

கேமரா ஆன் ஆகவே இல்லையா? உடனே மதர்போர்டு போய்விட்டது என்று யாராவது சொல்வார்கள். பேட்டரி மூடியைப் பாருங்கள். மூடியின் விளிம்பில் தீக்குச்சி முனை அளவு ஒரு பிளாஸ்டிக் மூக்கு இருக்கும். மூடியை அடைத்ததும் அது உள்ளே ஒரு குட்டி சுவிட்சை அழுத்தும். அந்த சுவிட்ச் அழுந்தினால்தான் கேமரா உயிர் பெறும். விழுந்ததில் அந்த மூக்கு ஒடிந்திருந்தால், மூடி நன்றாக அடைந்தாலும் கேமரா செத்ததுபோல் கிடக்கும். மூடியைத் திறந்து, அந்த சுவிட்சை ஒரு பல்குச்சியால் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆன் செய்து பாருங்கள். கார்டு மூடியிலும் பல மாடல்களில் இதே ஏற்பாடு உண்டு. மூடி மட்டும் மாற்றினால் போதும் என்கிற இடத்தில் 'போர்டு கம்ப்ளெயின்ட்' என்று கேட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

இனி கண்ணுக்குத் தெரியாத அடி. இதுதான் ஆபத்தானது. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, ஆட்டோஃபோகஸ் பீப் அடிக்கும், படமும் விழும். இரண்டு வாரம் கழித்து ஆல்பத்துக்குப் பெரிதாக்கும்போதுதான் குரூப் போட்டோவில் இடது ஓரம் நின்ற அத்தை மாமா எல்லோரும் மங்கலாக இருப்பது தெரியும். லென்ஸுக்குள் இருக்கும் ஒரு கண்ணாடி தன் அச்சிலிருந்து மயிரிழை விலகினால் இப்படி ஆகும்.

செய்தித்தாளின் ஒரு முழுப் பக்கத்தைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். ட்ரைபாடில் கேமராவை அதற்கு நேராக நிறுத்தி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, இரண்டு செகண்ட் டைமர் வைத்து எடுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் இரண்டு முனையிலும் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் நூறு சதவீதம் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கினால் அது அந்த லென்ஸின் சுபாவம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் சந்தேகப்பட வேண்டும். சந்தேகம்தான், முடிவு இல்லை. கேமராவை நீங்களே கோணலாக நிறுத்தியிருக்கலாம். அதனால் கேமராவைத் தலைகீழாகப் பொருத்தி அதே பக்கத்தை மறுபடி எடுங்கள். செய்தித்தாளின் அதே பத்தி மறுபடியும் மங்கினால் கோணல் உங்கள் ட்ரைபாடில். மங்கல் தாளின் எதிர்ப்பக்கத்துக்குத் தாவினால் கோணல் கேமராவுக்குள் இருக்கிறது. அப்புறம் வேறொரு லென்ஸைப் போட்டு அதே சோதனை. அதிலும் அதே பக்கம் மங்கினால் பாடியின் மவுண்டோ சென்சாரோ சாய்ந்திருக்கிறது.

எஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வ்யூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து ஒரு படம், பின்திரையைப் பார்த்து, அதாவது லைவ் வ்யூவில், ஃபோகஸ் செய்து ஒரு படம். லைவ் வ்யூ படம் கத்திபோல் இருந்து, வ்யூஃபைண்டர் படம் முன்னே பின்னே போனால் லென்ஸ் மேல் பழி இல்லை. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் குட்டிக் கண்ணாடி விலகியிருக்கும், அதுதான் கீழே இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கு வெளிச்சம் தருவது.

அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் வேறு ஒரு பீதி உண்டு. விழுந்த கேமராவை ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ லொடலொட என்று ஆடும். சென்சாரே அசைந்து நடுக்கத்தைச் சரிசெய்யும் மாடல்கள் பலவற்றில், ஆஃப் நிலையில் சென்சார் தளர்வாகத்தான் நிற்கும், ஆட்டினால் சத்தம் வரும். ஸ்டெபிலைசேஷன் உள்ள சில லென்ஸ்களும் அப்படித்தான். ஆன் செய்ததும் சத்தம் நின்றால் பயப்பட வேண்டாம். ஆன் செய்த பிறகும் ஆடினாலோ, படம் தானாக நெளிந்து நடுங்கினாலோதான் வம்பு.

கம்பெனி சர்வீஸ் சென்டர்

வாரண்டி இருக்கிறதே என்று போனால் ஏமாற்றம்தான். கீழே விழுந்து ஏற்படும் சேதம் எந்தக் கம்பெனியின் சாதாரண வாரண்டியிலும் வராது. "விழவே இல்லை, தானா நின்னுடுச்சு" என்று சொல்லிப் பார்ப்பவர்கள் உண்டு. கவுண்டரில் இருப்பவர் மவுண்ட் விளிம்பையும் அடியில் ட்ரைபாட் துளையைச் சுற்றியும் ஒரு பார்வை பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார். உண்மையைச் சொல்லி, எந்தப் பக்கம் விழுந்தது என்பதையும் சொன்னால் அவர் தேடும் நேரம் குறையும்.

இங்கே கிடைக்கும் பெரிய லாபம், அளந்து பார்க்கும் கருவிகளும் அந்த மாடலுக்கென்று கம்பெனி கொடுத்திருக்கும் சாஃப்ட்வேரும். லென்ஸின் கண்ணாடி விலகல், ஃபோகஸ் விலகல், சென்சார் சாய்வு, சென்சார் ஸ்டெபிலைசேஷன் கோளாறு, இவற்றைக் கையால் தடவிப் பார்த்துச் சரிசெய்ய முடியாது. லட்ச ரூபாய் லென்ஸில் ஒரு பக்கம் மங்குகிறதென்றால் நான் வேறு எங்கும் யோசிக்க மாட்டேன்.

நஷ்டம் என்னவென்றால், பாகத்தை ரிப்பேர் செய்வது இங்கே வழக்கமில்லை, பாகத்தை மாற்றுவதுதான் வழக்கம். அதுவும் ஒரு ஸ்ட்ரிப் போயிருந்தால் அந்த ஸ்ட்ரிப் இருக்கும் முழு யூனிட்டையே மாற்றுவார்கள். எஸ்டிமேட் ஏறுவது இதனால்தான். ஸ்பேர் விலை, லேபர், மொத்தத்துக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. எஸ்டிமேட் பேப்பரில் ஐந்து ஐட்டம் இருந்தால், எது இல்லாமல் கேமரா ஓடாது, எது தோற்றத்துக்காக என்று கேளுங்கள். மேல் மூடியில் ஒரு நசுங்கல் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் போடுவார்கள். சிலர் அதை நீக்கச் சம்மதிப்பார்கள், சிலர் கம்பெனித் தரத்துக்கு முழுக்கச் செய்தால்தான் தருவோம் என்பார்கள்.

எஸ்டிமேட் வாங்குவதும், வேலையைக் கொடுப்பதும் வேறு வேறு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இன்ஸ்பெக்ஷன் சார்ஜ் மட்டும் கட்டிவிட்டு, எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கேமராவைத் திரும்ப எடுத்துவந்துவிடலாம். எது போயிருக்கிறது என்று தயாரித்தவர்களே எழுதிக் கொடுத்த சீட்டு அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கேமரா, பில் இல்லாமல் வாங்கிய கிரே மார்க்கெட் பாடி என்றால், போவதற்கு முன் போன் செய்து சீரியல் நம்பரைச் சொல்லி எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். பழைய மாடல்களுக்கு ஸ்பேர் நின்றுபோயிருக்கும். கேமரா தொழிலையே விட்டுப்போன கம்பெனிகளும் உண்டு. காசியோ 2018-இல் பாக்கெட் கேமராக்களை நிறுத்தியது, சாம்சங் தன் என்எக்ஸ் வரிசையைக் கைவிட்டு வெகுகாலமாகிறது. அவற்றுக்கெல்லாம் கடைக்காரர்தான் கதி. சின்ன ஊர்களில் இருப்பது பெரும்பாலும் பொருளை வாங்கி நகரத்துக்கு அனுப்பும் கலெக்ஷன் பாயின்ட்தான், போய்வரும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். கொடுத்ததைவிட மோசமாகத் திரும்பி வந்து, கேட்டால் கையை விரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ரிச்சி தெரு, அல்லது உங்கள் ஊர்க் கடை

சென்னையில் கேமரா விழுந்தவர்களின் கால் தானாகப் போகும் இடம் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு. மற்ற ஊர்களில் ஸ்டூடியோக்காரர்களைக் கேட்டால் ஒரு மெக்கானிக் பெயர் சொல்வார்கள். அந்த வட்டாரத்துக் கல்யாண போட்டோகிராபர்கள் எல்லோரும் ஒரே ஆளிடம்தான் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெயரை நம்பலாம்.

இவர்களின் பலம், கம்பெனி எதை யூனிட்டாக மாற்றுகிறதோ அதை இவர்கள் பாகமாகப் பிரித்துப் பார்ப்பது. பேட்டரி மூடி, மேலே ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூ, டயல், கிழிந்த ஸ்ட்ரிப், ஒடிந்த பிளாஸ்டிக் மவுண்ட், நெளிந்த ஃபில்டர் வளையம், இதெல்லாம் இங்கே கொடுக்க வேண்டிய வேலை. ஃபில்டர் வளையம் நெளிந்து லென்ஸோடு இறுகிவிட்டால் வீட்டில் கட்டிங் பிளேயரால் முறுக்கப் பார்ப்பார்கள். அந்த முறுக்கு முழுவதும் லென்ஸின் உட்குழலுக்குப் போகும். கைதேர்ந்த மெக்கானிக் செய்வதைப் பார்க்க வேண்டும். லென்ஸின் கண்ணாடிமேல் வட்டமாக ஒரு தாளை வெட்டி வைத்து, வளையத்தில் ஒரே இடத்தில் சின்ன ரம்பத்தால் கீறி, அந்த இடத்தில் மூக்கு பிளேயரால் பிடித்து உள்பக்கமாக மடக்குவார். வளையம் சுருங்கித் தானாகக் கழன்று கையில் வரும்.

பலவீனம் எங்கே என்றால், அளவெடுக்கும் கருவி இல்லாத இடத்தில். ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். கேனன் ஈஎஃப் பாடியில் மவுண்டின் முகத்திலிருந்து சென்சார் வரை 44 மில்லிமீட்டர், நிக்கான் எஃப் மவுண்டில் 46.5. இந்தத் தூரம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் படம் முழுக்க ஒரே கூர்மை வரும். அதற்காகப் பல பாடிகளிலும் லென்ஸ்களிலும் மவுண்டுக்கு அடியில் தாளைவிட மெல்லிய உலோகத் தகடுகளை ஃபேக்டரியில் வைத்திருப்பார்கள். மவுண்டைக் கழற்றும்போது அவை எந்த இடத்தில் எத்தனை இருந்தன என்று பார்த்து வைக்காதவர் கையில் கொடுத்தால், ஒடிந்தது ஒட்டும், படம் ஒரு பக்கம் சாயும். மேசையில் காந்த விரிப்பு போட்டு, ஸ்க்ரூக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் போட்டோ எடுத்துக்கொள்கிற மெக்கானிக் என்றால் தைரியமாகக் கொடுக்கலாம். ஒரே கிண்ணத்தில் எல்லா ஸ்க்ரூவையும் போடுகிறவர் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.

ஸ்பேர் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் வேறொரு செத்த கேமராவிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். அதில் தப்பில்லை, கம்பெனி நிறுத்திவிட்ட மாடலுக்கு வேறு வழியும் இல்லை. மறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஷட்டர் போன்ற தேயும் பாகத்தைப் பழையதிலிருந்து எடுத்துப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள்.

நல்ல கடைக்காரர் வேலையை மறுக்கவும் செய்வார். "அண்ணே, மவுண்ட் ஒடிஞ்சதை நான் மாத்திடுவேன். ஆனா இதுல உள்கண்ணாடி நகர்ந்திருக்கு, அதை நான் தொட்டா ஆப்பு. கம்பெனிக்கே அனுப்பிடுங்க" என்று சொல்கிறவரை விட்டுவிடாதீர்கள். எதைக் கேட்டாலும் "ஆயிடும் சார், ஈவினிங் வாங்க" என்கிறவரிடம் எனக்கு எப்போதும் ஒரு தயக்கம்.

நாமே செய்வது

காண்டாக்டைத் துடைப்பது, பேட்டரி மூடியை மாற்றுவது, வ்யூஃபைண்டர் ரப்பரை மாட்டுவது. என்னைக் கேட்டால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காரணம் இரண்டு. முதலாவது, ஃப்ளாஷ். ஃப்ளாஷ் உள்ள எந்தக் கேமராவிலும் ஒரு கப்பாசிட்டர் இருக்கும், அதில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும். பேட்டரியைக் கழற்றியபின்னும் உடனே இறங்காது. பாக்கெட் கேமராவைத் திறந்தவுடன் விரல் படும் இடத்திலேயே அது உட்கார்ந்திருக்கும். தூக்கிப்போடும் ஷாக் அது. இரண்டாவது, ஸ்க்ரூ. ஜப்பான் கேமராக்களில் இருப்பது ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர அளவு வகை, பார்க்க சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும். நம் வீட்டு ஸ்டார் டிரைவரை வைத்துத் திருகினால் தலை வழுக்கிப் பள்ளம் உருண்டையாகிவிடும். அப்புறம் கடைக்காரர் அதைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பாக்கெட் கேமராவில் லென்ஸ் சிக்கிக்கொண்டு 'லென்ஸ் எர்ரர்' காட்டினால், மேசையில் தட்டு, உள்ளங்கையில் அடி என்று இணையத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். உள்ளே நடந்தது என்ன? அடுக்கடுக்கான குழல்களில் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் குட்டி முளைகள் இருக்கும், அவை சுருள் பள்ளத்தில் ஓடும். விழுந்ததில் ஒரு முளை பள்ளத்தைவிட்டு வெளியே வந்திருக்கும். குழலை முன்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது தெரியும். அந்தப் பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் சில சமயம் 'டிக்' என்று உட்கார்ந்துவிடும். ரிப்பேருக்குக் காசு செலவழிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்ட கேமராவில் மட்டும் இதை முயற்சி செய்யுங்கள். உட்கார்ந்தாலும், ஒருமுறை வெளியே வந்த முளை மறுபடி வரும்.

வேறு வாங்குவது

இங்கேதான் மனசு குறுக்கே நிற்கும். முதல் சம்பளத்தில் வாங்கியது, அப்பா வாங்கிக் கொடுத்தது. அதை மதிக்கிறேன், ஆனாலும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நீங்கள் வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். இன்று அதே மாடல் நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டில் என்ன விலை? எஸ்டிமேட் அதில் பாதியைத் தாண்டினால் ரிப்பேர் வேண்டாம். 20,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பாடிக்கு 12,000 எஸ்டிமேட் என்றால், மிச்சம் 8,000 போட்டு விழாத ஒன்றை வாங்குவது நல்லது. விழுந்து பிழைத்ததை நாளைக்கு விற்கப்போனால் அதற்கும் விலை இறங்கும்.

இந்தக் கணக்கில் கிட் லென்ஸ் எப்போதும் தோற்கும். 18-55 லென்ஸ் பாடியோடு சேர்ந்தே வந்ததால் ஊரெல்லாம் கிடக்கிறது. பெரிய லென்ஸ் வாங்கியவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் விற்கிறார்கள். அதன் பிளாஸ்டிக் மவுண்டைத் திட்டுகிறவர்கள் அதிகம், நான் அதற்கு நன்றி சொல்கிற கட்சி. கேமரா லென்ஸ் பக்கமாக விழும்போது அந்த விசை எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? பிளாஸ்டிக் காது மூன்றும் ஒடிந்து லென்ஸ் தனியே வந்துவிட்டால் பாடி தப்பித்தது. காது ஒடியாத கனமான லென்ஸ் என்றால், அந்த விசை பாடியின் மவுண்ட் ஸ்க்ரூவுக்கும் அதைத் தாங்கும் கூட்டுக்கும் போகும்.

கேனனின் ஐம்பது மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸுக்கும் இதே தீர்ப்புதான். 1990-இல் வந்த இரண்டாம் பதிப்பு விழுந்தால் இரண்டு துண்டாகக் கழன்று நிற்பதற்குப் பேர்போனது. அழுத்தினால் திரும்ப மாட்டிக்கொள்ளும், ஆனால் ஃபோகஸை நம்ப முடியாது. 2015-இல் வந்த எஸ்டிஎம் பதிப்புக்கு உலோக மவுண்ட், அது ஒடியாது. ஆனால் முன்னால் நீளும் குழலில் அடிபட்டால் ஃபோகஸ் இறுகும். இரண்டுக்கும் ரிப்பேர் கூலி, பழைய லென்ஸின் விலையைத் தொட்டுவிடும்.

எஸ்எல்ஆர் பாடிகளும் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன. தொழில் செய்கிறவர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறி, பழைய பாடிகளைக் கூட்டமாக விற்பதால் விலை இறங்கிவிட்டது. மூடி, டயல் மாதிரி சின்ன வேலை என்றால் கடையில் செய்து ஓட்டலாம். குட்டிக் கண்ணாடி விலகியதற்கோ ஷட்டருக்கோ கம்பெனியில் பெரிய தொகை கேட்டால் விட்டுவிடலாம். புது மிரர்லெஸ் பாடி என்றால் கதை தலைகீழ், செகண்ட் ஹேண்டே விலை அதிகம். அதற்குக் கம்பெனி பில்லைக் கட்டுவதுதான் லாபம். செத்த பாடியைத் தூக்கிப் போடாதீர்கள். 'பார்ட்ஸுக்கு மட்டும்' என்று உண்மையைச் சொல்லி மெக்கானிக்கிடமே விற்கலாம்.

தொழிலாக எடுப்பவருக்கு இந்தக் கணக்கில் நாட்களும் சேரும். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களில் கேமரா மூன்று வாரம் சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்தால் வாடகைக்கு எடுத்தே கையைக் கடிக்கும். அப்போது கடையில் ஒப்பேற்றிவிட்டு, ஆடியிலோ மார்கழியிலோ கம்பெனிக்கு அனுப்புவது புத்திசாலித்தனம். பொழுதுபோக்காக எடுப்பவருக்கு அவசரம் ஏது, எஸ்டிமேட் வரட்டும் என்று காத்திருக்கலாம்.

கேமராவுக்கு இன்ஷூரன்ஸ் போட்டிருந்தால் மேலே சொன்ன வரிசை மாறும். எதையும் கழற்றுவதற்கு முன், கடைக்காரரிடம் காட்டுவதற்கும் முன், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, விழுந்த நிலையிலேயே போட்டோ எடுத்து வையுங்கள். ரிப்பேர் செய்துவிட்டு பில்லை நீட்டினால் க்ளெய்ம் சிக்கலாகும். எஸ்டிமேட்டும் அவர்கள் ஏற்கும் இடத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும்.

கடையோ கம்பெனியோ, திரும்ப வாங்கப் போகும்போது உங்கள் லென்ஸ், சார்ஜ் ஏற்றிய பேட்டரி, காலி கார்டு, முடிந்தால் லேப்டாப் எடுத்துப் போங்கள். சுவரில் ஒட்டி எடுத்த அந்தச் செய்தித்தாள் படமும் கையில் இருக்கட்டும். கவுண்டரிலேயே எதிர்ச் சுவரில் இருக்கும் காலண்டரையோ விலைப் பட்டியலையோ அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு எஃப் 8-இல் ஒன்று, ஃப்ளாஷ் போட்டு ஒன்று, வீடியோ ஒரு நிமிஷம். ஜூம் வளையத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுற்றி, நடுவில் எங்காவது கரகரக்கிறதா என்று காதைக் கொடுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் முணுமுணுப்பார், இருக்கட்டும். எல்லாம் சரியாக இருந்தால் பில்லில் மாற்றிய பாகங்களின் பெயரும் எத்தனை நாள் கேரண்டி என்பதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.